யாருடைய செவிக்கு? தமிழ்க் கிறிஸ்தவப் பாடலாசிரியர்களும் அவர்களுடைய கைத்திறனும்

சபையில் பாடுவதற்கென்று பாட்டு எழுதுகிறவருக்கு மற்றக் கவிஞர்களுக்கு இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. அவருடைய வரிகளைப் பாடப்போகிறவர்கள் இசை பயின்றவர்கள் அல்லர். பலருக்கு எழுத்துகூடத் தெரியாமல் இருக்கலாம். முதியவரும் குழந்தையும் ஒரே மூச்சில் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். பாடுகிற வேளையிலேயே பொருளும் விளங்கிவிட வேண்டும். தமிழில் இந்தத் தொழிலுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை மிஷனெரிகளின் சாதனைப் பட்டியலாகவோ பாடல் பிறந்த கதைகளின் தொகுப்பாகவோ சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு பாட்டு யாருடைய செவிக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டுக்கொண்டே அந்த வரலாற்றைப் படித்தால், இசையைப் பற்றிய சண்டைகள் பலவும் சபைக்குள் யாருக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றிய சண்டைகளாகவே இருந்திருப்பது தெரியவரும்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள்; லுத்தரன் சபைக்குள் எழுந்த, ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். அந்த மரபில் பாட்டு ஆராதனைக்கு அலங்காரம் அன்று, ஆராதனையின் பாதி. லத்தீன் அறிந்த பாடகர் குழுவிடம் இருந்த பாட்டை எடுத்துச் சபையாரின் வாய்க்கு மாற்றிக் கொடுத்ததும், அதற்காக 1524 முதல் ஜெர்மன் மொழியில் பாட்டுப் புத்தகங்களை அச்சிடச் செய்ததும் மார்ட்டின் லுத்தரின் பெரும் பணிகளுள் ஒன்று. ஹாலேயில் 1704இல் ஃபிரைலிங்ஹாவுசன் வெளியிட்ட பெரிய பாட்டுத் தொகுப்பு அந்த இயக்கத்தாரின் கையில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக இருந்தது. ஆகவே தரங்கம்பாடியில் ஒரு சபை உருவானவுடனே, அந்தச் சபை தன் மொழியில் பாடியாக வேண்டும் என்ற தேவையும் கூடவே பிறந்தது.

கத்தோலிக்க மரபில் நிலைமை வேறாக இருந்தது. பூசை லத்தீனில் நடந்ததால், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரையில் பூசையின் மையத்தில் தமிழ்ப் பாட்டுக்கு அவ்வளவு இடம் இருக்கவில்லை. அங்கே தமிழ் வேறு வழிகளில் செழித்தது: வீரமாமுனிவரின் தேம்பாவணி காப்பியமாக எழுந்தது, அவர் கலம்பகமும் அம்மானையும் பாடினார், இலங்கையில் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுல பிரசங்கம் தவக்காலத்து வாசிப்பாக வேரூன்றியது. ஞாயிறுதோறும் சபையாரே எழுந்து நின்று பாடுவதற்கான பாட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது புரொட்டஸ்டண்டு ஆராதனைதான். கீர்த்தனை அங்கே பெருகியதற்கு முதன்மையான காரணம் இதுவே.

தரங்கம்பாடியார் முதலில் எடுத்துக்கொண்ட வழி, ஜெர்மன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் தமிழாக்குவது. இன்றும் லுத்தரன் சபைகளில் ‘ஞானப்பாட்டு’ என்றும், தென்னிந்தியத் திருச்சபையில் ‘பாமாலை’ என்றும் வழங்கும் வகை இங்கிருந்து தொடங்குகிறது. 1740இல் வந்து பெரும்பாலும் சென்னை வேப்பேரியில் உழைத்த யோவான் பிலிப்பு பப்ரிசியுஸ் இந்த வேலையில் தலைசிறந்தவர். வேதாகம மொழிபெயர்ப்புக்கும் 1779இல் வெளிவந்த அகராதிக்கும் பெயர்பெற்ற அவர், ஜெர்மன் பாடல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்; அவற்றில் பல இன்னும் பாடப்படுகின்றன.

இந்த வேலையில் இருந்த இடர்ப்பாட்டை, இரண்டு மொழிகளின் யாப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சபைப் பாடல் அசைகளை எண்ணிக் கட்டப்படுகிறது. முதல் வரிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு, மீண்டும் எட்டு, மீண்டும் ஆறு என்பது ஆங்கிலத்தில் மிகப் பரவலான அளவு. இந்த அளவில் எழுதிய எந்தப் பாட்டையும் அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடிவிடலாம். தரங்கம்பாடியில் முதல் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையான அதே 1707இல்தான், ஆங்கிலச் சபைப் பாடலின் தந்தை எனப்படும் ஐசக் வாட்ஸ் லண்டனில் தம் முதற்பெரும் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். அவர் கையாண்டவை பெரும்பாலும் இத்தகைய இரண்டு மூன்று எளிய அளவுகளே. அந்த மொழிகளில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை அழுத்தம் பெறுகிறது. மெட்டின் வலிய தட்டு அந்த அசையின்மேல் விழுமாறு கவிஞர் சொற்களை அடுக்குகிறார்.

தமிழில் அழுத்தம் பொருளைத் தாங்குவதில்லை, நெடிலும் குறிலும் தாங்குகின்றன. ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று நடக்கும் மெட்டு, ‘பணம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு நீட்டினால் கேட்பவர் காதில் அது ‘பாணம்’ ஆகிவிடும். ஜெர்மன் பாடலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மெட்டு நின்று மூச்சு வாங்கும். விகுதிகள் சேரச் சேர நீண்டுகொண்டே போகும் தமிழ்ச் சொல் அந்த இடத்தில் இரண்டாக முறியும். யாப்பிலக்கணம் வகையுளி என்று பெயரிட்டு, முடிந்தவரை தவிர்க்கச் சொன்ன ஒன்று மொழிபெயர்ப்பாளருக்குத் தினசரிச் சங்கடமாயிற்று. இயைபிலும் இதே கதைதான். ஜெர்மன் காது வரியின் இறுதியில் ஒலி ஒத்துவருவதை எதிர்பார்க்கிறது. தமிழ்க் காது வரியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் தேடுகிறது. வினைமுற்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி முடியும் தமிழில் இறுதி இயைபு மிக எளிதாகக் கிடைப்பதால், அதில் செவிக்கு வியப்பு ஒன்றும் இல்லை. அசையின் எண்ணிக்கையை நிரப்ப ஏகாரமும் ஓகாரமும் வரி ஈறுகளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இப்படிச் சொல்வதால் ஞானப்பாட்டுகளைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். அந்த மெட்டுகளுக்குத் தங்களுக்கே உரிய வலிமை உண்டு. பெரிய தாவல்கள் இல்லாமல் அடுத்தடுத்த சுரங்களில் மெல்ல நடப்பதால், இசை அறியாத ஐந்நூறு பேரும் குலையாமல் சேர்ந்து பாட முடிகிறது. முப்பதாண்டுப் போரிலும் தன் மக்களின் சாவிலும் அடிபட்ட ஜெர்மன் பாடலாசிரியர் பவுல் கெர்ஹார்ட் போன்றவர்களின் பாடல்களில் உள்ள துயரமும் நம்பிக்கையும், அடக்க ஆராதனைகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருந்துவந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு மெட்டோடு பழகிய குடும்பத்துக்கு அது அந்நிய மெட்டு அல்ல. ஆனால் அது பழகிப் பெற்ற உரிமை. காதில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து பாட்டு கட்டுவது வேறு.

அந்தக் காதில் அப்போது என்ன இருந்தது? பப்ரிசியுஸ் பிறந்த அதே 1711இல், தரங்கம்பாடிக்கு மிக அருகிலுள்ள தில்லையாடியில் அருணாசலக் கவிராயர் பிறந்தார். அவருடைய இராம நாடகக் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பை ஊர்ப்பொதுவின் சொத்தாக ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், சில கல் தொலைவில் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் ஜெர்மன் மெட்டில் தமிழைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ராகங்கள் கோயிலோடும் தேவதாசிகளின் சதிர் ஆட்டத்தோடும் பிணைந்தவை என்ற அச்சம் மிஷனெரிகளிடம் நெடுங்காலம் இருந்தது. இரு இசையும் ஒரே ஆளிடத்தில் சந்திக்க இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆள் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துச்சென்று வளர்த்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர். இருவருக்கும் இளமையிலேயே பழக்கம் உண்டு. சாஸ்திரியார் தரங்கம்பாடியில் கல்வி பெற்று, தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். தியாகராசரும் சியாமா சாஸ்திரியும் முத்துசாமி தீட்சிதரும் வாழ்ந்த காலம் அது; அரண்மனை குறவஞ்சி நாடகங்களைப் போற்றிய ஊர் அது. ஜெர்மன் ஞானப்பாட்டையும் தஞ்சாவூர்க் கீர்த்தனையையும் ஒரே வீட்டில் கேட்டு வளர்ந்த முதல் பெருங்கவிஞர் என்று அவரைச் சொல்லலாம்.

அவர் செய்த பெரிய காரியம், ஊரில் வழங்கிய ஒவ்வொரு பாட்டு வகையையும் எடுத்து அதற்குள் சுவிசேஷத்தை வைத்ததுதான். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக்கும்மி என்று அவருடைய நூல்களின் பெயர்களே அந்த முறையைக் காட்டும். இவற்றுள் 1800இல் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில் அவருடைய கைத்திறன் முழுமையாகத் தெரிகிறது. குறவஞ்சியில் தலைவி தலைவனின் பவனியைக் கண்டு காதல்கொள்வாள், நிலவும் தென்றலும் அவளை வருத்தும், குறத்தி வந்து தன் மலைவளம் பாடிக் குறிசொல்வாள், அவளைத் தேடிக் குறவன் பறவை பிடித்துக்கொண்டே வருவான். இந்த வரிசையில் ஒரு படியையும் சாஸ்திரியார் விடவில்லை. தலைவி திருச்சபை, தலைவன் கிறிஸ்து, குறிசொல்லும் குறத்தி விசுவாசம். குறவன் வலைவீசிப் பிடிக்கும் பறவைகள் மனித ஆத்துமாக்கள். மலைவளமும் நாட்டுவளமும் வரும் இடங்களில் மிஷன் பள்ளியில் கற்ற பூகோளமும், சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானியலும் நுழைகின்றன. கேட்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்பது முன்பே தெரியும். வருவது எந்த வேடத்தில் வரும் என்பதுதான் தெரியாது. அந்த எதிர்பார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போதிக்கிறார்.

தனி வரிகளிலும் இதே கவனத்தைக் காணலாம். திருமணங்களிலும் ஆராதனை முடிவிலும் இன்றும் ஒலிக்கும் ‘சீர் இயேசு நாதனுக்கு ஜெயமங்களம்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். கச்சேரியை முடிக்கும் மங்களம் என்ற வடிவத்தையே அது எடுத்துக்கொள்கிறது. ‘பாரேறு நீதனுக்கு, பரம பொற்பாதனுக்கு, நேரேறு போதனுக்கு, நித்திய சங்கீதனுக்கு’ என்று செல்லும் அந்த அடிகளில் பாரேறு, நேரேறு என எதுகை முன்னே நிற்கிறது; நீதன், பாதன், போதன், சங்கீதன் என ஒவ்வொரு துண்டும் ஒரே ஒலியில் வந்து இறங்குகிறது. ஒருமுறை கேட்டவர் மறுமுறை தானே சொல்லிவிடக்கூடிய அமைப்பு இது, புத்தகம் தேவையில்லை. குறிலும் நெடிலும் தாளத்தின் எட்டுத் தட்டுக்குள் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்வதால் எந்தச் சொல்லும் முறியவில்லை. கீர்த்தனையின் அமைப்பே எழுத்தறியாத சபைக்கு ஏற்றது: பாட்டுத் தெரிந்தவர் சரணத்தைப் பாட, மற்றவர்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரி தெரிந்தவரும் முழுப் பாட்டிலும் பங்கு பெறுகிறார். ஒருவர் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்லும் கும்மியிலும் ஏற்றத்திலும் அந்தப் பழக்கம் முன்பே இருந்தது.

இத்தனை பெரிய கவிஞரின் வாழ்க்கையில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மை ஆகாது. 1820களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனெரிகளுக்கும் சாஸ்திரியாருக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. பப்ரிசியுஸின் வேதாகம நடையைத் திருத்தியது, விழாக்களில் பூக்களை விலக்கியது, ஆராதனையில் தமிழ் இசையைத் தடுத்தது, சாதி வேறுபாடின்றி எல்லாரும் கலந்து உட்கார்ந்து நற்கருணை பெற வேண்டும் என்றது ஆகிய நான்கையும் அவர் ஒரே மூச்சில் கொடுமைகள் என்று எதிர்த்தார். முதல் மூன்றில் அவருடைய பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். நான்காவதில் அவர் சாதியின் பக்கம் நின்றார். அவருடைய மனத்தில் இவை நான்கு வெவ்வேறு வழக்குகளாக இருக்கவில்லை. தமிழ் முறை என்று அவர் அறிந்திருந்த வாழ்வில் ராகமும் பூவும் வரிசையும் ஒன்றாகவே இருந்தன. எதிர்த் தரப்பிலும் இந்தச் சிக்கல் இருந்தது: சாதியை ஒழிக்க வேண்டும் என்ற நல்ல முடிவோடு சேர்த்துத் தமிழ் இசையையும் அகற்றப் பார்த்தார்கள். மிஷன் வேலையை அவர் இழந்தபோது சரபோஜியின் ஆதரவே அவருக்குக் கைகொடுத்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

இசையைப் பொறுத்தவரை சாஸ்திரியாரின் வழி வென்றது. அதற்குக் கருவியானவர்கள் வேறொரு மிஷனைச் சேர்ந்தவர்கள். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், சபையார் கீர்த்தனையைப் பாடும்போது ஞானப்பாட்டில் காணாத உயிர்ப்பு இருப்பதைக் கண்டு, 1853இல் பொது ஆராதனைக்கென்று ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். எழுபத்தொன்பது வயதை எட்டியிருந்த சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. தேர்ந்த பாடகரும் பக்கவாத்தியமும் கொண்டு மணிக்கணக்கில் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்ட பெரும் படைப்புகளிலிருந்து தனிப்பாட்டுகள் பிரிந்து, ஐந்து நிமிடத்தில் சபை பாடி முடிக்கும் உருவத்துக்கு வந்தது இத்தகைய தொகுப்புகளால்தான். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறிக்கும் வழக்கம் இன்றுவரை கீர்த்தனைப் புத்தகங்களில் தொடர்கிறது. சங்கராபரணம், ஆதிதாளம் என்று அச்சில் இருக்கும். பல ஊர்களில் சபை அந்த ராகத்தின் வளைவுகளை நீக்கி நேராக்கிப் பாடும். இசைவாணர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். ஆயிரம் வாய்கள் வழியாக வந்த பாட்டு அப்படித்தான் தேய்ந்து மெருகேறும்.

சாஸ்திரியாருக்குப் பின் வந்தவர்களுள் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தனித்து நிற்கிறார். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களின் காப்பியம். அவற்றில் மிகப் பெரும்பான்மையைச் சபை பாடுவதில்லை, பாடவும் முடியாது. புலவர் செவிக்கு எழுதப்பட்டவை அவை. ஆனால் காப்பியத்தினிடையே அவர் தேவாரம் என்ற பெயரிலேயே வைத்த இசைப்பாக்கள் புத்தகத்தை விட்டு வெளியேறிச் சபைக்குள் வந்துவிட்டன. ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்று தொடங்கும் பாட்டைச் சுந்தரரின் ‘பொன்னார் மேனியனே’ பதிகத்தோடு சேர்த்துப் பாடிப்பாருங்கள், ஒரே நடை. சுந்தரர் ‘அன்னே உன்னையல்லால்’ என்று வந்து நிற்கும் இடத்தில் கிருஷ்ண பிள்ளை ‘அத்தா உன்னையல்லால்’ என்று வந்து நிற்கிறார். உருவமற்ற, ஒப்பற்ற பரம்பொருள் என்ற கருத்தைச் சைவ சித்தாந்தம் வழங்கிய சொற்களிலேயே தொடங்கி, அந்தப் பரம்பொருள் மனித உருவெடுத்துச் சிலுவையில் மாண்டது என்ற இடத்துக்கு அந்தப் பாட்டு நகர்கிறது. வேறு சமயத்தின் பாட்டு வடிவத்தைக் கடன்வாங்குவது கொள்கைக் கலப்பு என்று அஞ்சியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை என்பேன்.

மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை 1878இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க கடவுள் பாடல்கள். அவை ஆலயத்தை விடக் கச்சேரி மேடையில் நிலைத்தன. 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் கிறிஸ்தவப் பாடல்களையும் கருநாடக இசை மரபிலேயே இயற்றினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கருநாடக ராகங்களே கிறிஸ்தவத் தமிழிசை என்ற எண்ணம் ஏறக்குறைய உறுதிப்பட்டுவிட்டது.

ஆனால் இதே காலத்தில் சபையின் முகம் மாறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்களுடைய செவியில் இருந்தவை தாலாட்டும் தெம்மாங்கும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் பறையின் அடியும். தஞ்சை அரண்மனையின் இசை அவர்களுக்கு ஜெர்மன் மெட்டைவிட எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால் விடை எளிதல்ல. பறையைக் கிறிஸ்தவர்களே இழிவென்று ஒதுக்கினார்கள். ஆலயத்துக்குள் ஆர்மோனியமும் வயலினும் வந்தபின்னும் அது வெளியே நின்றது. சாஸ்திரியார் நான்காவது கொடுமை என்று சொன்னதன் நிழல் இசையின் மேலும் விழுந்தே கிடந்தது.

இதை வெளிப்படையாகக் கேள்வியாக்கியவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய இவர், ‘பறட்டை’ என்ற பெயரில் 2005இல் மறையும் வரை எழுதியும் பாடியும் வந்தார். கருநாடக இசையைத் தமிழ்ப் பண்பாட்டின் ஒரே குரலாக வைப்பது, அந்த இசையால் விலக்கப்பட்டவர்களை ஆராதனையிலும் விலக்குவதாகும் என்பது அவருடைய வாதம். ஆராதனை முறைமை முழுவதையும் நாட்டுப்புற இசையில், பேச்சு வழக்கில், பறை உள்ளிட்ட கருவிகளோடு அவர் அமைத்தார். தொழில்முறையிலும் அவருடைய எண்ணம் துணிச்சலானது. நாட்டுப்புறப் பாட்டுக்குக் கடைசி வடிவம் என்று ஒன்று இல்லை. பாடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப வரிகளை மாற்றிக்கொள்ளலாம், சேர்க்கலாம் என்றார். ஆசிரியரின் சொல்லைக் காப்பதற்கென்றே முந்நூறு ஆண்டுகளாக அச்சிட்டுவந்த பாட்டுப் புத்தக மரபுக்கு இது நேர் எதிரானது.

இன்றைய ஞாயிறு ஆராதனையில் இந்த வகைகள் அருகருகே இருக்கின்றன. ஒரு பாமாலை, இரண்டு கீர்த்தனை, இடையே திரைமெட்டின் சாயலில் கீபோர்டோடும் டிரம்ஸோடும் வரும் புதிய பாடல் என்பது நகரச் சபைகளில் சாதாரணமாகிவிட்டது. புதியவற்றில் பலவும் எதுகையைக் கைவிட்டு, வேத வசனத்தை ஏறக்குறைய உரைநடையாகவே மெட்டில் ஏற்றுகின்றன; நினைவில் நிற்கும் வேலையைச் சொல்லிடமிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப வரும் மெட்டிடம் கொடுத்துவிட்டன. அப்பாவுவின் பாடல்கள் இறையியல் கல்லூரிகளிலும் சில கிராமச் சபைகளிலும் பாடப்படுகின்றன. நகரத்துப் பெரிய ஆலயங்களின் ஞாயிறு வரிசையில் அவற்றை அரிதாகவே கேட்க முடிகிறது.